மூன்று சாண் கயிறு

அத்தியாயம் 9

கயிற்றின் வயிற்றுக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்ததும், சகினாவின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"ரத்தமா மேடம்?"

மணிமொழி இன்னும் கொஞ்சம் இழுத்தார். சாம்பல் நிறக் கயிற்றுக்குள் புதைந்திருந்த அதன் வால் முழுசாக வெளியே வந்து விழுந்தது. அதன் மேல் அங்கங்கே சிவப்புத் தீற்றல். அதை மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே சகினாவிடம் நீட்டினார்.

"மோந்து பாரு."

"ஏன் மேடம், உங்க மூக்கு இன்னிக்கு லீவா?"

சொன்னாளே தவிர, குனிந்து முகர்ந்தாள். முகர்ந்த வேகத்தில் நிமிர்ந்தாள்.

"சந்தனம். கூட குங்குமம். இந்த வாசனதான் என் ஆட்டோல ஆறு மாசத்துக்கு அடிச்சிக்கினே இருக்கும். ஆயுத பூஜை அன்னிக்கு ஸ்டாண்டு பசங்க என் வண்டியயும் வுட மாட்டானுங்க. மீட்டர் இடுக்குலகூட பூசி வெச்சிருவானுங்க."

கச்சேரி ரோட்டில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் மணிமொழியின் துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் மனுக்களைப் பிடித்துப் பிடித்து, மனிதர்கள் சொல்வதைவிட அவர்கள் விட்டுவிட்டுப் போகும் பொருள்களை அதிகம் நம்பக் கற்றுக்கொண்டவர். சகினா ஆட்டோ ஓட்டுபவள், கூடவே அவருடைய உதவியாளர். இதில் எது முதல் வேலை என்று கேட்டால், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்பதைப் பொறுத்தது என்பாள்.

மேஜையில் கிடந்த கயிறு லேசுப்பட்டதல்ல. சித்தார்த்தன் என்பவர் அடையாறில் கம்பெனி வைத்துப் புதுமாதிரிப் பாய்மரப் படகு செய்கிறார். இரட்டை உடம்பு, அடியில் மெல்லிய இறக்கைகள். வேகம் பிடித்தால் படகு தண்ணீரை விட்டு மேலே எழும்பி, இறக்கை மட்டும் நனைய ஓடும். அந்தப் படகின் பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க முன்பெல்லாம் எஃகுக் கம்பி கட்டுவார்கள். இதில் விரல் தடிமனில் செயற்கை நூல் கயிறு. எஃகைவிட வலு, எடை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டியவர் பட்டினப்பாக்கத்துப் பொன்னுரங்கம். துபாய் வரை போய்ப் பாய்மரம் கட்டிவிட்டு வந்த கைகாரர்.

போன சனிக்கிழமை சோதனை ஓட்டத்தில் வலது பக்கக் கயிறு கழன்று பாய்மரம் சாய்ந்தது. நதீம் என்ற மாலுமி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று பொன்னுரங்கத்தைப் போலீஸ் பிடித்தது. முதலில் மறுத்தவர் மத்தியானத்துக்குள் ஒத்துக்கொண்டுவிட்டார். சாயங்காலம் அவருடைய மகள், அதே கம்பெனியில் படகு ஓட்டும் சிந்து, படகில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் கீழ்முனையை ஒரு துணிப்பையில் சுருட்டிக்கொண்டு இந்த மாடிப்படி ஏறி வந்தாள்.

"எங்க நைனா எழுதின கணக்குல கட்டின கயிறு கழலாது மேடம். யாரோ வேல காட்டியிருக்காங்க. கண்டுபிடிங்க."

அதோடு விட்டாளா? அதே மாதிரி இரண்டாவது படகு இன்று நாலு மணிக்குக் கடலில் இறங்குகிறது, வாங்க வந்தவர்கள் முன்னால் அதை ஓட்டப்போவது நான்தான் என்றாள். கயிறு தாங்கிவிட்டால் அப்பா மேல் ஒருத்தனும் பழி சொல்ல முடியாதாம். சகினா மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் கேட்கிற ஜாதியாகத் தெரியவில்லை. சகினாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே இன்று காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது மணி ஒன்று ஐம்பது.

"முடிச்சே இல்லாம இது எப்டி மேடம் நிக்குது?"

"கயிறு உள்ளே குழலா இருக்கு பாரு. அதோட வாலை ஊசியில கோத்து, அதோட வயித்துக்குள்ளயே நுழைச்சிடுவாங்க. உள்ளே வால் இருக்கற வரைக்கும் கயிறு தடிச்சித் தெரியும். இழுக்க இழுக்க வெளிக்கயிறு வாலை இறுக்கிப் பிடிச்சிக்கும்."

"எங்க மாமியார் மாதிரி."

"வால் எவ்வளவு நீளமா உள்ள போவுதோ, அவ்வளவு பிடிப்பு." மணிமொழி டேப்பை எடுத்து வெளியே வந்த வாலை அளந்தார். "ஐம்பத்தோரு சென்டிமீட்டர். எழுதிக்கோ."

கயிற்றின் முனையில் ஒட்டியிருந்த சீட்டில் பொன்னுரங்கத்தின் பெயரும், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்திய தேதியும் இருந்தன. அதைப் படித்ததும் சகினாவுக்கே விளங்கிவிட்டது.

"பூஜைக்கு முந்தியே கட்ன கயித்துல பூஜைக் குங்குமம் எப்டி வந்துது?"

"பூஜையில வெச்ச ஊசியை, பொட்டைக்கூட அழிக்காம எடுத்து யாரோ கட்டியிருக்காங்க. சீட்டு பொய். கிளம்பு."

மாடிப்படி இறங்கும்போதே மணிமொழி சிந்துவுக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த போன் சித்தார்த்தனுக்கு. அவர் எடுத்தார். வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள், எதுவானாலும் ஐந்து மணிக்கு மேல் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொன்னுரங்கத்தின் பட்டறை மந்தைவெளியில், ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிச் சாப்பாட்டுக் கூடம். முப்பது அடிக் கயிற்றை வளைக்காமல் நீட்டிக் கட்ட இந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பந்தி நடந்த இடத்தில் இப்போது கயிறுகள் வரிசையாகப் படுத்திருந்தன. மண்டபத்தின் சொந்தக்காரி ரத்னா கதவைத் திறந்துவிட்டு, கீழே டிவியை நிறுத்தாமல் வந்த கவலையோடு நின்றார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு இங்க யார் வேலை செஞ்சாங்க மாமி?" என்று கேட்டார் மணிமொழி.

"வேலையா? பொன்னுரங்கம் அன்னிக்கு ஒரு துரும்பைத் தொட மாட்டார். காலம்பற பூஜை பண்ணி, ஊசி, கத்தி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு, சாவியை எங்காத்துல குடுத்துட்டுப் போயிட்டார். மறுநாள் வந்து எல்லாத்தையும் அலம்பித் துடைச்சப்பறம்தான் கையில எடுப்பார். வருஷா வருஷம் அப்படித்தான்."

"நடுவுல சாவியை யாராவது வாங்கினாங்களா?"

"சித்தார்த்தன் சார் வாங்கிண்டு போனார், மத்தியானம். ராத்திரிதான் திருப்பிக் குடுத்தார். கூட யாரோ படியேறின சத்தம் கேட்டுது. யாருன்னு பாக்கலை, சீரியல் ஓடிண்டிருந்தது."

ரத்னா கீழே போனதும் சகினா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "ஆளு சிக்கிட்டாரு மேடம். அவரே சாவி வாங்கி, அவரே கட்டி, பழிய இவரு தலைல போட்டுட்டாரு. பீச்சுக்கு வுடவா?"

மணிமொழி காதில் வாங்கவில்லை. சுவரில் ஆணியில் குத்தியிருந்த ஒரு பழுப்புத் தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பொன்னுரங்கத்தின் கொட்டை எழுத்தில் கயிறு கட்டும் முறை ஒவ்வொரு வரியாக இருந்தது. நாலாவது வரி: வால் உள்ளே, மூணு சாண்.

"சாணுக்கு ஒன்பது அங்குலம்னு வெச்சாலும் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் வரணும். நமக்கு வந்தது அம்பத்தொண்ணு. பதினேழு குறையுது."

"அவசரத்துல கொறச்சிட்டாரோ?"

கையில் வேலை இல்லாமல் நிற்பது சகினாவுக்கு ஆகாது. மேஜை மேல் மணிமொழி நீட்டி வைத்திருந்த வாலின் மேல் தன் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. ஒன்று. இரண்டு. மூன்று. வாலும் முடிந்தது.

"மூணு சாண் கரெக்டா கீதே மேடம். அப்ப நான்தான் குத்தவாளி. விலங்கு எடுத்துக்கினு வாங்க."

சிரிப்பு வருமென்று திரும்பிப் பார்த்தாள். மணிமொழியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் ஆணியில் தொங்கிய பொன்னுரங்கத்தின் தோல் கையுறையைக் கழற்றி எடுத்து மேஜையில் பரப்பினார். தோசைக்கல் அகலம் இருந்தது. அதன் சாண் இருபத்துநாலு சென்டிமீட்டர்.

"மூணு சாண்னு தாள்ல இருக்கு. யாரோட சாண்னு இல்ல. அவருக்கு அது எழுபத்திரண்டு. அதைப் படிச்சி அப்படியே கட்டின இன்னொருத்தருக்கு அம்பத்தொண்ணு."

"சித்தார்த்தன் ஆறடி மனுசன். அவரு கை இம்மாத்தூண்டு இருக்காதே."

"இருக்காது. இது ஒரு பொண்ணோட கை."

சகினா மெதுவாகப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். கீழே டிவியில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். "மாமி கையும் சின்னதுதான்," என்றாள் குரலைத் தாழ்த்தி.

"ஸ்டேஷனுக்கு விடு."

காவல் நிலையத்துக்குள் நுழையும்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து. அங்கே இன்ஸ்பெக்டராக இருந்தவர் மணிமொழிக்கு இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறோம், பத்து நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

"எப்படி சார் ஒத்துக்கிட்டாரு?" மணிமொழி கேட்டார்.

"அதுதான் வேடிக்கை. காலையில பூரா, என் கயிறு கழலாது, இது என் கயிறே இல்லன்னு உட்கார்ந்திருந்தாரு. கழண்டு விழுந்த மேல்முனையைக் கொண்டாந்து முன்னாடி போட்டேன். வாலை நீட்டி வெச்சிக் கையால ஒரு தடவை அளந்தாரு. நேத்து அவரு பேசின கடைசி வார்த்தை அதுதான், நான்தான் கட்டினேன்னு. அப்புறம் சோறுகூட எடுத்துக்கலை."

சகினா தன் கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப்பு, தேய்ந்த லுங்கி, முழங்கால் மேல் இரண்டு கைகள். கையுறை பொய் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கைகளைச் சகினா பார்த்ததில்லை.

மணிமொழி எதிரே உட்கார்ந்தார். "ஐயா, உங்க கையைக் கொஞ்சம் விரிச்சிக் காட்டுங்க."

பொன்னுரங்கம் இரண்டு கைகளையும் மூடினார். மூடிய கைகளை மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மிட்டாயை ஒளிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் சகினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் விளங்கியது என்றிருந்தது.

"நான்தான்மா கட்னேன். எழுதிக் குடுத்துட்டேன். இன்னா தண்டனையோ குடுக்கட்டும்," என்றார் தரையைப் பார்த்து.

"ரெண்டு படகுக்கும் மொத்தம் நாலு கயிறு. நாலும் நீங்களா?"

"நாலும் நான்தான்."

மணிமொழி கொஞ்சம் தயங்கினார். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்கிற குரலில் சொன்னார். "ரெண்டாவது படகு இன்னிக்கு நாலு மணிக்கு எறங்குது ஐயா. உங்களுக்குச் சொன்னாங்களா?"

அவர் தலை நிமிர்ந்தது. "இன்னிக்கா?"

"சிந்துதான் ஓட்டுது."

பொன்னுரங்கம் எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. ஒளித்து வைத்த கைகள் இரண்டும் முன்னால் வந்து மணிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டன.

"நிறுத்துங்கம்மா. நான் கட்னது ரெண்டே ரெண்டு, ரெண்டும் எடது பக்கம். பூஜை முடிஞ்சி வலது பக்கம் கட்றேன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாளு போனா நாலும் கட்டித் தொங்குது. வேற ஆள வெச்சிக் கட்டினோம்னாரு சித்தார்த்தன் சாரு. என் கணக்குலதான் கட்டிருக்காங்கன்னு நெனச்சி நானும் பிரிச்சிப் பாக்காம வுட்டேன். வாலப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சிது, எம் பொண்ணு கையின்னு. ரெண்டாவது படகுலயும் வலது அவ கட்னதுதாம்மா. காத்து தட்டினா கழண்டுரும்."

அவர் பேசி முடிப்பதற்குள் சகினா வாசலில் இருந்தாள்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வேன், கார், சைக்கிள், ஒரு தண்ணி லாரி. மூன்று முப்பத்தைந்து. சகினா ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மணிமொழி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கடலோரக் காவலுக்குச் சொல்லச் சொன்னார். அது போய்ச் சேர்வதற்குள் நாம் சேர்ந்துவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மேடம், அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? தெரிஞ்சிக்கினேவா நம்மகிட்ட வந்துது?"

"கட்டினது தான்தான்னு தெரியும். தப்பா கட்டினோம்னு தெரியாது."

லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு இடுக்கு தெரிந்தது. சகினா அதில் நுழைத்தாள். இடது பக்கக் கண்ணாடி கழன்று எங்கோ போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

சீனிவாசபுரத்துச் சந்துகளைத் தாண்டி மணலில் ஏறியதும் ஆட்டோ இருபது அடி போய்ப் புதைந்து நின்றது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. படகு ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றது. குப்பத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, அடுத்த அலை ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். மேலே, தலைக்கவசமும் மிதவைச் சட்டையுமாக சிந்து. கரையில் ஷாமியானா நிழலில் சித்தார்த்தன், தொப்பி போட்ட நாலு பேருக்கு எதையோ கையால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

சகினா ஓடினாள். செருப்பு ஒன்று மணலோடு போயிற்று. சித்தார்த்தனிடம் போய் நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நேரே தண்ணீருக்குள் இறங்கி, முன்னால் நின்ற அம்மாசி என்ற பெரியவரின் தோளைப் பிடித்தாள்.

"அண்ணே, தள்ளாதீங்க. வலது பக்கக் கயிறு பொன்னுரங்கம் கட்னதில்ல. அவரே சொல்லி அனுப்பினாரு."

அம்மாசி அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு படகிலிருந்து கையை எடுத்தார். அவர் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். பொன்னுரங்கத்தின் கயிறு என்பதற்காகத்தான் அவர்கள் அங்கே வந்திருந்தார்கள். வந்த அலை படகைப் பின்னால் தூக்கி மணலில் உட்கார வைத்தது.

சித்தார்த்தன் நெருங்கி வந்தார். "யாரு நீங்க? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"ஆயுத பூஜை அன்னிக்கு சாவி வாங்கினீங்களே, அது யாருக்காக?" என்றார் மூச்சு வாங்க வந்து சேர்ந்த மணிமொழி.

ஆறடி மனிதர் சட்டென்று உயரம் குறைந்தவர் போலானார். "மறுநாள் காலையில படகு ரெடியா இருக்கணும். அவர் ஊசியைத் தொட மாட்டேன்னுட்டார். சிந்து நல்லா கட்டுவாங்க. எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், தாங்கிச்சு. அப்புறம்தான் சீட்டுல அவர் பேரைப் போட்டு, பழைய தேதி எழுதி ஒட்டினேன். அவரே ஒத்துக்கிட்டப்புறம் நான் எதுக்கு…"

"எத்தினி நேரம் தொங்க வுட்ட?" சகினா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அரை மணி."

"அப்ப இதுல நீயே ஏறிப் போறதுதான?"

அதற்குள் சிந்து கீழே குதித்திருந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"ஏன் மேடம் நிறுத்தினீங்க? ஆமா, நான்தான் கட்டினேன். உங்ககிட்ட மறைச்சது தப்புதான். நைனா ஒத்துக்கிட்டாருன்னு கேட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். என்னைப் பார்க்கவே மாட்டேன்னுட்டாரு. ஆனா நான் தப்பா கட்டலை. அவர் எழுதினபடி மூணு சாண். ஒரு விரல்கூடக் குறைக்கலை. இன்னிக்கு இது தாங்கிச்சின்னா ரெண்டு பேருமே தப்பு பண்ணலைன்னு ஆயிடும்."

மணிமொழி வாதம் செய்யவில்லை. வலது கயிற்றின் தடித்த பகுதியைக் காட்டினார். "அளந்து காட்டு."

சிந்து கையை விரித்து வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. தடிப்பு முடிந்தது. "பாத்தீங்களா?"

"இப்போ நைனா கட்டின இடது கயித்துல."

அவள் படகைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கை முடிந்தது, தடிப்பு முடியவில்லை. நாலாவது சாண் வைத்தாள். அதற்கும் மேலே இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது.

சிந்து அளந்த கையை எடுக்கவில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"நைனா பாத்துட்டாரா?" என்றாள் கடைசியில்.

சகினாதான் சொன்னாள். "அவரும் இப்டித்தான் கை வெச்சி அளந்து பாத்தாரு. அதுக்கப்பறம்தான் நான் கட்னேன்னு சொன்னாரு."

சிந்து தலைக்கவசத்தைக் கழற்றி மணலில் வைத்தாள். "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னா அவரை விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க," என்றார் மணிமொழி. "நீ தனியா சொல்ல வேண்டியதில்ல. சாவி வாங்கினவரும் வந்து சொல்லுவாரு." சித்தார்த்தன் ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தார். தொப்பி போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருந்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஆட்டோ புதைந்தது புதைந்தபடி நின்றது. அம்மாசி யாரிடமும் கேட்கவில்லை. படகைத் தள்ள வந்த பன்னிரண்டு பேரும் ஆட்டோவுக்குத் தோள் கொடுத்தார்கள். இரண்டே தள்ளில் அது கெட்டி மண்ணுக்கு வந்தது.

சகினா சாவியைத் திருகிவிட்டு, மிச்சமிருந்த ஒரு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். சிந்து தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்டல் சொல்லி அந்தப் பெண்ணைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று சகினா தேடினாள். ஒன்றும் வரவில்லை.

"அக்கா," என்றாள் சிந்து. "இத்தன வருஷம் அவர் கையைப் புடிச்சிக்கிட்டுத்தான் நடந்திருக்கேன். அது என் கையவிட எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

விரித்த கையை அவள் மெல்ல மூடினாள். மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.